வழி கேட்டவை

ஆறு வாரம் கோடு கிழித்தோம்.
மேசைக்கு வந்து யார் என்ன கேட்டாலும்
ஒரு கோடு, ஐந்தாவது குறுக்கே.
கழிப்பறை எங்கே: நூற்றுப் பன்னிரண்டு.
அச்சு இயந்திரம் ஏன் முறைக்கிறது: எண்பத்தேழு.
ஆய்வு என்று சொல்லத்தக்கவை
நாற்பதுக்குச் சற்றுக் குறைவு.

ஜன்னலுக்கு வெளியே மகெல்லன் நீரிணை
வெள்ளையாய்க் கொதித்துக்கொண்டிருந்தது.
புந்தா அரேனாஸில் யாரும் காற்றைப் பற்றிப் பேசுவதில்லை;
கதவைப் பிடித்துக்கொண்டு
வேறு ஏதாவது பேசுவோம்.

இணையவழி உதவிமேசைக்கான குழுவில் நாங்கள் ஐவர்.
அரட்டைப் பெட்டி எந்த மூலையில்,
என்ன நிறம், எத்தனை மணிக்கு மூடுவது.
விளக்கை அணைத்தால் நூலகம் மூடிற்று என்று தெரியும்.
திரையில் எதை அணைப்பது?

வணக்கத்துக்கே ஒரு மதியம் போயிற்று.
எங்களை 'நீ' என்றே கூப்பிடுங்கள் என்றாள்
மாணவர் பிரதிநிதி ஆயெலேன்.
'நீங்கள்'தான் என்றார் யெர்கோ யாக்சிச்,
டை முடிச்சைத் தொட்டபடி.
கடைசியில் இரண்டும் வராத வாக்கியம் ஒன்று கண்டுபிடித்தோம்:
'இங்கே உதவி கிடைக்கும்.'
நெல்டா சிரித்தாள்.
கல்லறைத் தோட்ட வாசலில்கூட மாட்டலாம் இதை.

இருபத்தாறு வருஷமாய் அவள் செய்வது ஒன்றுதான்:
யாராவது மேசையை நோக்கி வந்தால்
எழுந்து நிற்பாள்.
"எழுந்து நிற்பதை எப்படித் தட்டச்சு செய்வது?"
மூன்று புள்ளிகள் துடிக்கும் என்றான் எலிசேயோ,
யாரோ எழுதுகிறார் என்று அர்த்தம்.
நெல்டா குறித்துக்கொண்டாள். ஒப்புக்கொள்ளவில்லை.

பக்கம் மூன்று, பத்தி நான்கு:
சேவை, பதிவுபெற்ற மாணவர் ஆசிரியருக்கு மட்டும்.
பிறருக்கு நகர நூலகத்தின் முகவரி தரப்படும்.
ஒருமனதாக நிறைவேறிற்று.
நானும் கை தூக்கினேன்,
தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

சோதனை ஓட்டம் புதன்கிழமை.
படகு நிறுத்தம். விளக்கு இரண்டு முறை கண்சிமிட்டிற்று.
என் முறை.
நான்கு மணிக்கு ஒரு வரி வந்தது:
ஆட்டுச் சொறி பற்றிப் புத்தகம் இருக்கிறதா

இருந்தது. பதினொன்று.
நெல்டா என் நாற்காலிக்குப் பின்னால் நின்று முணுமுணுத்தாள்:
கேட்டதைக் கொடுக்காதே,
கேட்க வந்ததைக் கேள்.

எதற்காக என்று அறியலாமா, என்று எழுதினேன்.
மூன்று புள்ளிகள்.
துடித்தன. நின்றன. மீண்டும் துடித்தன.
அந்தப் பக்கம் யாரோ
எழுந்து நிற்பதுபோல் பட்டது.

போர்வெனீருக்குத் தெற்கே ஒரு பண்ணை.
அரசாங்கக் கடிதம் வந்திருக்கிறது.
வெள்ளிக்குள் பதில் சொல்லாவிட்டால் மந்தை முழுவதையும்,
வாக்கியத்தை அங்கேயே விட்டுவிட்டார்.
கடிதத்தில் ஒரு விதி எண். என்ன விதி, தெரியாது.
பெயர் செனோபியா மன்சில்யா.
மாணவர் எண் கேட்கும் கட்டத்தில்
அடையாள அட்டை எண்ணை இட்டிருந்தார்;
கட்டம் சிவந்துபோய் நின்றது.

பக்கம் மூன்று என் முழங்கைக்கு அடியில்.
நகர நூலகம் ஐந்துக்கு மூடும்.
நடுவே கடல்.

விதியைத் தேடி எடுத்தேன்.
எட்டாவது உட்பிரிவில்
மறுபரிசோதனை கோரலாம் என்று இருந்தது.
படிவம், முகவரி, இணைக்க வேண்டியவை,
ஒவ்வொன்றாய் ஒட்டினேன்.
இது சட்ட ஆலோசனை அல்ல என்றும் எழுதினேன்,
எழுதச் சொல்லியிருந்தார்கள்.
ஐம்பது நிமிடம்.
அடுத்த அறையிலிருந்து ஆயெலேன்
ஏழு பொய்க் கேள்விகள் அனுப்பிவிட்டு
வரிசை நகரவில்லை என்று புகாரும் எழுதியிருந்தாள்.

கடைசியாக அவரிடமிருந்து:
நன்றி. அங்கே காற்று எப்படி?
கதவைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன், என்றேன்.

மாலை, புள்ளிவிவரப் படிவம்.
கேட்டவர்: மாணவர், ஆசிரியர்.
மூன்றாவது கட்டம் நாங்கள் போடவில்லை.
கேள்வி வகை: ஆய்வு, சாதாரணம், வழி கேட்டவை.
கழிப்பறைகளின் வரிசையில்,
நூற்றுப் பன்னிரண்டுக்குப் பக்கத்தில்,
ஒரு கோடு கிழித்தேன்.

வியாழன் படகு ஓடிற்று.
வெள்ளி என்ன ஆயிற்று என்று தெரியாது.
நிறம், மூலை, நேரம் எல்லாம் பேசினோம்;
நாங்கள் திரும்பக் கூப்பிட
ஒரு பொத்தான் வைக்க மறந்திருந்தோம்.